இன்சுலின் எதிர்ப்புக்கு மூலிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சர்க்கரை இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் இன்சுலின் அதிகம்" என்று பரிசோதனை முடிவு வந்தவர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் மூலிகையைத்தான். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை, சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் கீழே தங்களுக்கான கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் சர்க்கரை நோயா?

இல்லை, ஆனால் அதற்குப் போகும் வழி. சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. தசையும் கொழுப்பும் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல், தான் வெளியிடும் குளுக்கோஸை நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கட்டளை போடுவது இன்சுலின். எதிர்ப்பு வந்த உடலில் அந்தக் கட்டளை அரைகுறையாகத்தான் காதில் விழும். கணையம் விடுமா, குரலை உயர்த்துகிறது: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலின் சுரக்கிறது. இப்படிக் கத்தியே பல வருடம் சமாளித்துவிடும். அதுவரை வெறும் வயிற்றுச் சர்க்கரை நல்ல பிள்ளையாகவே இருக்கும். கணையம் களைத்த பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்கும்.

எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறும் வயிற்றில் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்த்து, இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் வருவது ஹோமா எண். 1985-லிருந்து புழக்கத்தில் இருக்கும் கணக்கு இது. குளுக்கோஸ் 95, இன்சுலின் 15 என்றால் 3.5 வரும். ஏறத்தாழ 2.5-க்கு மேல் போனால் எதிர்ப்பு இருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இன்சுலினை அளக்கும் முறை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுவதால் அதை இரும்புக் கோடாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனைக்கு முன்பே உடல் சில குறிப்புகள் தரும். கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடிப்பது, சின்னச் சின்ன மருக்கள், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடி 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். குறைவது, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.). தெற்காசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனை 5.7-லிருந்து 6.4 சதவீதம் வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு.

மூலிகையால் இது குறையுமா, குறையாதா? நேராகச் சொல்லுங்கள்.

சில மூலிகைகள் சர்க்கரையைக் குறைக்கின்றன. ஆனால் சர்க்கரை குறைவது வேறு, எதிர்ப்பு குறைவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

மூலிகைகள் வேலை செய்யும் பாதை மூன்று. முதலாவது, குடலில் குளுக்கோஸ் ரத்தத்துக்குப் போகும் வேகத்தை மட்டுப்படுத்துவது. வெந்தயமும் இசப்கோலும் இந்த வகை. இரண்டாவது, கணையத்தை உசுப்பி மேலும் இன்சுலின் சுரக்க வைப்பது. சிறுகுறிஞ்சானைப் பற்றிப் பெரிதும் சொல்லப்படுவது இதுதான். மூன்றாவது, செல்களைக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வைப்பது. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற பொருளுக்கு இதில் ஓரளவு நல்ல சான்று உண்டு, கருஞ்சீரகத்துக்குக் கொஞ்சம்.

ஏற்கெனவே இன்சுலின் அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் இரண்டாம் வகையைத் தேடிப் போனால் என்ன அர்த்தம்? களைத்த குதிரைக்கு இன்னொரு சவுக்கடி. யாராவது "இது சர்க்கரைக்கு நல்லது" என்று ஒன்றை நீட்டினால், அது இந்த மூன்றில் எந்த வகை என்று கேளுங்கள். பாதி மூலிகைகள் அந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும்.

மாத்திரைகளே செடியிலிருந்துதானே வந்தன? அப்படியானால் செடியையே சாப்பிட்டால் என்ன?

இன்சுலின் எதிர்ப்புக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மினின் கதை இதற்கு நல்ல பதில். அதன் மூதாதை கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஐரோப்பியச் செடி. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற தொல்லைகளுக்கு அங்கே பழங்காலத்திலேயே அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் கலெஜின் என்ற பொருள் சர்க்கரையை உண்மையிலேயே குறைத்தது. கூடவே நஞ்சாகவும் இருந்தது. அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் உருவாக்கினார்கள். 1957-இல்தான் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994-இல்.

செடியில் மருந்து இருந்தது என்பது உண்மை. அதை ஆள் சாகாமல் கொடுக்கும் அளவுக்குக் கொண்டுவர அத்தனை வருடம் ஆனது என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்பவர்கள் அதிகம்.

வெந்தயம்: ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வெந்தயத்தின் பலம் அதன் நாரில் இருக்கிறது. எடையில் கால் பங்காவது நார். அதில் கரையும் நாரான கேலக்டோமன்னன், தண்ணீரில் குழகுழவென்று கூழாகும். அந்தக் கூழ் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதையும் மெதுவாக்குகிறது. விதையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊறிய தண்ணீரை மட்டும் குடித்தால், கூழின் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. விதையோடு மென்று சாப்பிடுங்கள், அல்லது பொடியாக எடுங்கள்.

அடுத்தது நேரம். விடியற்காலை வெறும் வயிற்றில் எடுப்பதுதான் விசேஷம் என்று ஒரு நம்பிக்கை. உணவின் குளுக்கோஸை மெதுவாக்குவதுதான் அதன் வேலை என்றால், உணவே இல்லாதபோது அது எதை மெதுவாக்கும்? மாவுச்சத்து அதிகமுள்ள வேளைக்குச் சற்று முன்போ, அந்த உணவோடோ எடுப்பதே பொருத்தம்.

அளவு? 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17 மி.கி. அளவும் எச்.பி.ஏ1சி 0.85 அளவும் குறைந்திருந்தன. ஆனால் தெளிவான பலன் கிடைத்தது நாளுக்கு 5 கிராமுக்குக் குறையாமல் எடுத்த நீரிழிவுக்காரர்களிடம்தான். ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, தரமும் சுமார். ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறத்தாழ 4 கிராம்கூட இருக்காது. ஆகவே சிட்டிகை வெந்தயத்தால் எண் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்காக முதல் நாளே இரண்டு தேக்கரண்டி விழுங்கினால் வயிறு உப்பி, அன்றைக்கு வேறு வேலை நடக்காது. அரை தேக்கரண்டியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள்.

வியர்வையும் சிறுநீரும் ஒருவித இனிப்பு வாசனை அடிக்கும், பயப்பட வேண்டாம். சோட்டலான் என்ற பொருளின் வேலை அது. எனக்கு முதலில் துணி துவைக்கும் சோப்பு மீதுதான் சந்தேகம் வந்தது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெந்தயமும் அதே குடும்பம். வேறு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்துக்கும் அதற்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கூழ் மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இசப்கோல் மலச்சிக்கலுக்குத்தானே?

அதற்கும்தான். அதுவும் கரையும் நார். கசப்பு இல்லை, வாசனை இல்லை, சான்றும் மோசமில்லை. மூலிகைப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் அதில் மர்மம் எதுவும் இல்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

லவங்கப்பட்டை உண்மையிலேயே வேலை செய்யுமா?

2003-இல் பாகிஸ்தானில் 60 பேரை வைத்து நடந்த ஆய்வுதான் பட்டையைப் புகழ் ஏணியில் ஏற்றியது. நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று 40 நாள் கொடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18-லிருந்து 29 சதவீதம் வரை குறைந்தது. கேட்க அருமை. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 577 பேர் கொண்ட 10 ஆய்வுகளை அலசி, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது. என் கணிப்பு: கொஞ்சம் பலன் இருக்கலாம், அதை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

பட்டையில் பலனைவிட முக்கியமான விஷயம் அதன் ரகம். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்ற தடித்த பட்டை. அதில் கூமரின் என்ற வாசனைப் பொருள் அதிகம், தொடர்ந்து கூடுதலாகப் போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதைப் பட்டைக் கணக்காக மாற்றியபோது, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 2 கிராம் காசியா என்று வந்தது. ஒரு தேக்கரண்டிப் பொடியே அதைத் தாண்டிவிடும். "தினம் ஒரு ஸ்பூன் பட்டைத் தூள்" என்ற அறிவுரையின் சங்கதி இதுதான்.

இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். பார்த்தாலே தெரியும்: மெல்லிய பல அடுக்குகள் சுருட்டு போலச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியா ஒரே தடித்த ஓடு, உடைக்க மல்லுக்கட்ட வேண்டும். பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2024-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல பட்டைப் பொடிகளில் ஈயம் இருப்பதாக எச்சரித்ததையும் சேர்த்துப் பார்த்தால், பட்டையாக வாங்கி வீட்டில் பொடிப்பதே உத்தமம்.

பெர்பெரின் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும் மஞ்சள் நிறக் கசப்புப் பொருள். இந்த வரிசையில் இன்சுலின் எதிர்ப்பை நேரடியாகத் தொடும் மூலிகைப் பொருள் என்று நான் தயங்காமல் சொல்வது இதை மட்டும்தான். செல்லுக்குள் ஆற்றல் இருப்பைக் கண்காணிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியை அது தட்டி எழுப்புகிறது. மெட்ஃபார்மினும் ஏறக்குறைய இதே கதவைத்தான் தட்டுகிறது.

சீனாவில் நடந்து 2008-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 36 பேருக்கு பெர்பெரினோ மெட்ஃபார்மினோ 500 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பெர்பெரின் எடுத்தவர்களின் எச்.பி.ஏ1சி 9.5-லிருந்து 7.5-க்கு இறங்கியது, மெட்ஃபார்மினுக்குச் சமமான இறக்கம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், வேறு மருந்துகளோடு பெர்பெரினும் எடுத்தவர்களுக்கு ஹோமா எண் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 36 பேர், மூன்று மாதம் என்பதை மறக்காதீர்கள். மெட்ஃபார்மின் பல லட்சம் பேரிடம், பல பத்தாண்டுகள் பார்க்கப்பட்ட மருந்து.

பெர்பெரின் மருந்து போல வேலை செய்கிறது என்பதால், மருந்து போலவே தொல்லையும் தரும். அந்த ஆய்விலேயே மூவரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், உப்புசம் என்று ஏதோ ஒன்று. நானும் மூன்றாம் நாளே தோற்றுப் போனவன்தான். அதைவிடக் கவலை, கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தடுப்பது. கொலஸ்ட்ராலுக்கான சில ஸ்டாட்டின்கள், ரத்த அழுத்த மாத்திரைகள் சில, உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் கூடவே கூடாது. பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் காமாலைக்குக் காரணமான பிலிருபினைப் புரதத்தின் பிடிப்பிலிருந்து விடுவித்து மூளைவரை பாதிக்கக்கூடியது.

எடை குறைக்கும் ஊசிக்கு இது மாற்று என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இதனால் குறையும் எடை பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ.

சிறுகுறிஞ்சான் சர்க்கரைக்கொல்லி ஆயிற்றே?

பெயர் வந்தது நாக்கால். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணரிகளை அரை மணி நேரத்துக்கு மேல் மூடிவிடுகின்றன. இனிப்பு ஆசையை அடக்க இது நிஜமாகவே உதவும், ஆனால் மென்றால்தான். கேப்சூலாக விழுங்கினால் நாக்குக்குத் தெரியாது.

ரத்தச் சர்க்கரைக்கு என்று பார்த்தால், 1990-இல் வெளியான சென்னை ஆய்வாளர்களின் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 22 நோயாளிகளுக்கு நாளுக்கு 400 மி.கி. இலைச்சாறுப் பிரிவு, 18-லிருந்து 20 மாதம். 5 பேர் வழக்கமான மாத்திரையை விட முடிந்தது. ஆனால் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. இன்சுலின் சுரப்பு கூடியதாகவும் அதில் சொல்லப்பட்டது. அதாவது நமது இரண்டாம் வகை. எதிர்ப்பு மட்டும் உள்ளவருக்கு இது முதல் தேர்வாகாது.

பாகற்காய்ச் சாறு?

காயாகச் சாப்பிடுவதில் ஒரு தவறும் இல்லை. மருந்தாக? 2012 காக்ரேன் அலசலில் 479 பேர் கொண்ட 4 ஆய்வுகள் தேறின, உறுதியான பலன் தேறவில்லை. 2011-இல் தாய்லாந்தில் நாளுக்கு 2 கிராம் பாகற்பொடியை மெட்ஃபார்மினோடு ஒப்பிட்டபோது பலன் இருந்தது, ஆனால் மெட்ஃபார்மினை எட்டவில்லை.

சாறாக்கி வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் குடிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு விதையில் உள்ள வைசின் ரத்த அணுக்களை உடைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குழந்தைகளுக்குப் பாகல் கஷாயம் கொடுத்து, சர்க்கரை கடுமையாக இறங்கி மயக்கத்தில் கொண்டுவந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. இன்னொன்று, சுரைக்காய்ச் சாறும் இதே வரிசையில் சொல்லப்படுகிறது. சுரைக்காய் கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காதீர்கள். கசப்பு அங்கே குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சின் அடையாளம், ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்களும் உண்டு. "கசந்தால் நல்லது" என்ற நினைப்பு பாகலோடு நிற்க வேண்டும்.

கருஞ்சீரகம்?

எதிர்பார்த்ததைவிட நல்ல மாணவன். சவூதி அரேபியாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்த 94 பேருக்கு நாளுக்கு 1, 2, 3 கிராம் என்று கொடுத்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் எச்.பி.ஏ1சி 1.5 அளவு குறைந்தது, கணக்கிட்ட இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தது. 3 கிராமுக்குப் போனதில் கூடுதல் லாபம் இல்லை. கூடக் கூட நல்லது என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொட வேண்டாம்.

மஞ்சள், மிளகோடு சேர்த்து எடுத்தால்?

சமையலில் சேரும் மஞ்சளில் குர்குமின் சில சதவீதம்தான், அதிலும் ரத்தத்துக்குப் போவது துளி. மிளகின் பைபரின் சேர்ந்தால் உறிஞ்சல் 20 மடங்கு கூடியதாக 1998-இல் ஒரு ஆய்வு காட்டியது. உடனே பைபரின் கலந்த மஞ்சள் கேப்சூல்கள் வந்தன. அப்புறம் கல்லீரல் அழற்சியோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இத்தாலியில் 2019-இல் ஒரு கூட்டமாகவே, அமெரிக்காவில் தனித்தனியாக. பைபரின் குர்குமினை மட்டும் தேர்ந்து தூக்கிவிடுவதில்லை, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற வேறு மருந்துகளையும் தூக்கும். சமையலில் மஞ்சள் சரி. கேப்சூலுக்கு நான் எதிர் ஓட்டு.

ஆவாரம்பூ, நாவல் கொட்டை?

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழிக்கு நிகரான மனித ஆய்வு ஆவாரைக்கு இல்லை. இருப்பதில் பெரும்பகுதி எலிகளில். நாவல் இலையைத் தேநீராக்கிப் பிரேசிலில் முறையாகச் சோதித்தார்கள், சர்க்கரை அசையவில்லை. கொட்டை வேறு, இலை வேறு என்பது உண்மைதான், ஆனால் கொட்டைக்கும் பெரிய ஆய்வு கிடையாது. இனிப்பில்லாத பூத் தேநீராகக் குடித்து, இனிப்புத் தேநீரை விட்டால் பலன் கிடைக்கும். அது பூவின் பலன் என்று சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் சிடர் வினிகர் மூலிகையா?

இல்லை, ஆனால் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. 2004-இல் ஒரு சிறு ஆய்வில், மாவுச்சத்து உணவுக்கு முன் 20 கிராம் வினிகர் குடித்த இன்சுலின் எதிர்ப்புக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இன்சுலின் உணர்திறன் 34 சதவீதம் கூடியது. பலன் அந்த ஒரு வேளைக்கு. தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலும் உணவுக்குழாயும் அரிக்கும்.

எல்லாவற்றையும் கலந்த பொடி வாங்கினால் வேலை சுலபம்தானே?

விற்பவருக்குச் சுலபம். பத்து மூலிகை கலந்த பொடியில் ஒவ்வொன்றும் ஆய்வில் வந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வயிறு கெட்டாலும் எதனால் என்று தெரியாது, எண் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது.

சில பொடிகள் மட்டும் நம்ப முடியாத வேகத்தில் சர்க்கரையை இறக்கும். அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். மூலிகை என்று விற்கப்பட்டவற்றில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி உயிர் போகிறது என்று 1970-களின் இறுதியில் பல நாடுகள் விலக்கிய ஃபென்ஃபார்மின்கூடக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. லேபிளில் அதெல்லாம் இருக்காது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஒற்றை மூலிகை, முழுப் பொருளாக, பெயர் தெரிந்து வாங்குவதுதான் வழி.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுக்கிறேன். கூடவே எடுக்கலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால், தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. வயிற்றுத் தொல்லை இரட்டிப்பாகலாம், குறிப்பாக பெர்பெரினோடு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர் சிறுகுறிஞ்சான், பாகல், அதிக வெந்தயம் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கவே கூடாது. கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, நெஞ்சு படபடத்து, திடீரென்று பசித்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாவில் சிறுகுறிஞ்சான் இருந்தால் இனிப்பு தெரியாது, அதனால் சர்க்கரை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்தி, மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், முயற்சி செய்பவர்கள்?

சமையலில் சேரும் அளவுக்கு மேல் எதுவும் வேண்டாம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பு குறைந்தால் கருமுட்டை வெளியாவது திரும்பிவிடும். மாதவிலக்கு ஒழுங்கில்லை, கருத்தரிக்காது என்று நினைத்துக்கொண்டு பெர்பெரின் எடுப்பவர் அதன் நடுவிலேயே கருத்தரிக்கலாம். பி.சி.ஓ.எஸ்ஸுக்குச் சொல்லப்படும் ஸ்பியர்மின்ட் தேநீர் ஆண் ஹார்மோனைக் குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு, இன்சுலினோடு அதற்குச் சம்பந்தமில்லை.

நடைப்பயிற்சியோடு ஒப்பிட்டால் மூலிகை எந்த இடம்?

மிகக் கீழே. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கு வைத்த குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31. எந்த மூலிகையும் இந்த அளவு சோதனையில் நின்றதில்லை.

காரணம் எளிது. தசை இயங்கும்போது இன்சுலின் கட்டளை இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், பிறகு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை கட்டளைக்கும் நன்றாகக் காது கொடுக்கும். மூன்றாம் நாள் பழைய கதை. அதனால்தான் ஞாயிறு மட்டும் நடப்பது எடுபடாது.

சரி, ஒன்றை முயன்று பார்க்கிறேன். எவ்வளவு நாள், எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஒரே ஒரு மூலிகை, ஒரே அளவு, 12 வாரம். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் எச்.பி.ஏ1சி 12 வாரத்துக்கு முன் தெளிவான படத்தைக் காட்டாது. தொடங்கும் முன் வெறும் வயிற்றுக் குளுக்கோஸ், இன்சுலின், எச்.பி.ஏ1சி, கல்லீரல் நொதிகள், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி பாருங்கள். அந்த 12 வாரத்தில் சாப்பாட்டையும் நடையையும் சேர்த்து மாற்றினால் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் பெருமையை மூலிகைக்குக் கொடுக்காதீர்கள். எண் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். நடுவில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, அரிப்பு வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். சில கருவிகளில் அது இன்சுலினைக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.